கண்ணம்மாள் முந்திச் சொன்ன பதில்

கண்ணம்மாளுக்கு எழுபத்திமூன்று வயது. படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து பாடம் நடத்திப் பழக வருகிற பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்பதை அவர் அரை நிமிடம் முன்னதாகவே சொல்லிவிடுவார். சொன்னால் தப்பாது. இதில் அவருக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. இந்தக் கெட்டிக்காரத்தனத்தால் ஒரு மனிதரின் பிழைப்பு போனது என்பது அவருக்குத் தெரியும்.

திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் போகிற சாலையில் பாதி தூரத்தில் இருக்கிறது அந்தக் கல்லூரி. இப்போது மூன்று மாடி, முகப்பில் வளைவு, மூலைக்கு மூலை கேமரா. 1959-ல் அது வெறும் கடலைக் கிட்டங்கி. கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிராமத்து ஆள்தான் வாத்தியாராக வரவேண்டும், டவுன் வாத்தியார் வெள்ளிக்கிழமை மத்தியானமே பஸ் ஏறிவிடுகிறார் என்று சிலர் கூடிப் பேசி, கிட்டங்கியைக் கூட்டிப் பெருக்கி, சுற்றுவட்டாரத்திலிருந்து இருபத்திநான்கு இளந்தாரிகளைச் சேர்த்தார்கள். அதுதான் முதல் செட். காலையில் தக்ளியில் நூல் நூற்க வேண்டும். பிறகு தோட்டத்தில் மண்வெட்டி. சனிக்கிழமை ஊர்த்தெருவைக் கூட்ட வேண்டும். பையன் வாத்தியாராகப் போகிறான் என்று அனுப்பிவைத்த அப்பன்மார் சிலர், அவன் விளக்குமாறும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டு, இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்து விட்டார். வீட்டிலும் அவன் தெருவைக் கூட்டினானாம்.

பாடம் நடத்திப் பழக எதிரே பிள்ளைகள் வேண்டும். அதற்கு ஊர்ப் பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்தொரு பிள்ளைகள், இருபத்திநான்கு வாத்தியார்கள். ஒரே பாடத்தை ஐந்து பேர் ஐந்து விதமாக நடத்துவார்கள். முதல் ஆள் நடத்தும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். மூன்றாவது ஆளுக்குக் கொட்டாவி விடும். ஐந்தாவது ஆள் வருவதற்குள் பாடம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். நாலாம் வகுப்பின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுக் கண்ணம்மாளுக்குப் பாடம் மட்டுமில்லை, எந்தக் கேள்விக்குப் பிறகு எந்தக் கேள்வி வரும், எங்கே கரும்பலகையில் படம் போடுவார்கள் என்பது வரைக்கும் அத்துப்படி.

1961 மார்ச்சில் கடைசிப் பரீட்சை வந்தது. மதுரையிலிருந்து பரீட்சை அதிகாரி வந்து பின்வரிசையில் உட்காருவார். ஒவ்வொருவரும் அவர் எதிரே அரைமணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அது பிள்ளைகள் அதுவரை கேட்டிராத பாடமாக இருக்க வேண்டும். அப்படித்தான் சட்டம். ஆனால் சட்டம் எழுதியவர் யாரும் எதிரே முப்பத்தொரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்றதில்லை. யாரும் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டால் இரண்டு வருஷப் படிப்பும் மண்ணாகப் போகும். அதனால் பரீட்சைக்கு முந்தின ஒரு மாசம் பூராவும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் ஒத்திகை நடந்தது. இருபத்திநான்கு பேரும் ஆளுக்கு இரண்டு மூன்று தடவை தங்கள் பாடத்தை அதே பிள்ளைகளிடம் நடத்திப் பார்த்தார்கள். கூலி, ஒரு பிடி வறுத்த கடலை. "பரிச்சையன்னிக்கிப் புதுசாக் கேக்குற மாதிரி இருக்கணும். கேள்வி கேட்டப்புறந்தான் கை தூக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அனுப்பினார்கள். கல்லூரிக்காரர்களுக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள்.

ஆத்தூர் மூக்கையாவுக்கு விதை முளைக்கும் பாடம். பத்தொன்பது வயது, ஒல்லியான ஆள், பிள்ளைகளை அடிக்கவே மாட்டார். கண்ணம்மாளுக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். மூன்று கண்ணாடிக் கிண்ணங்களில் மொச்சை விதை கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்றில் ஈரத்துணி, ஒன்று காய்ந்தது, மூன்றாவதில் விதை மூழ்கத் தண்ணீர். முதல் கிண்ணம் நல்லபடியாகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது அதிகாரி பின்னால் லேசாக இருமினார். மூக்கையாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்கவேண்டிய கேள்வி வரவில்லை. கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் கண்ணம்மாள் எழுந்தாள்.

"காத்து இல்லாததுனால மொளைக்கல சார். அது கொதிக்க வச்சு ஆறுன தண்ணி. மேல நல்லெண்ணெ ஊத்தி மூடியிருக்கு."

கிண்ணத்தைப் பார்த்து யாரும் அதைச் சொல்ல முடியாது. அதிகாரி எழுந்து முன்னால் வந்தார். "இது ஒனக்கு எப்புடிம்மா தெரியும்?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

"நேத்துச் சொன்னாருல்ல சார். முந்தாநேத்தும் சொன்னாரு" என்றாள். கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தாள், பாவம்.

இருபத்திமூன்று பேர் பாஸ். மூக்கையா பெயில். மறுபடி எழுதலாம் என்று சொன்னார்கள். படித்தது போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையில் நடந்து போனதைக் கண்ணம்மாள் பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அவளுக்கும் காலம் ஓடியது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள், கல்யாணம் பண்ணி வைத்தார்கள், மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலுக்குச் சேர்ந்து இருபத்தேழு வருஷம் சோறு வடித்தார். சமையல்கட்டுக்கும் நாலாம் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான். வருஷா வருஷம் புதுப்புதுப் பயிற்சிப் பிள்ளைகள் வந்து பாடம் நடத்துவார்கள். அந்தக் குழம்புக் கொதிப்புக்கு நடுவிலும் அவருக்குக் காது அங்கேதான் இருக்கும். யாராவது பாதியில் நின்றுவிட்டால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார், அந்தப் பிள்ளை மறுபடி பேச ஆரம்பிக்கிற வரைக்கும். சமையல்கட்டில் கூட வேலை பார்த்தவர்கள் இவருக்கு என்னமோ கோளாறு என்றுதான் நினைத்தார்கள். காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் கல்லூரிக்கு அறுபத்தைந்தாம் ஆண்டு. வரலாற்று மலர் போடப்போகிறோம், பழைய ஆட்களைப் பார்த்துப் பேசுங்கள் என்று விரிவுரையாளர் பானுப்ரியாவை அனுப்பினார்கள். பானுப்ரியா கீரனூர்ப் பக்கத்துப் பெண். செல்போனில் ரெக்கார்டு போட்டுவிட்டு, "ஏனுங்கம்மா, மொதல் செட்டுப் பத்தி ஏதாச்சும் ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டதுதான் தாமதம், கண்ணம்மாள் கிண்ணம், நல்லெண்ணெய், இருமல் என்று எதையும் விடாமல் கொட்டிவிட்டார். அறுபத்து மூன்று வருஷமாக வயிற்றுக்குள் கிடந்தது. சொல்லி முடித்ததும், "அந்த ஆளு உசுரோட இருக்காரான்னு மட்டும் பாத்துச் சொல்லு டீச்சர்" என்றார்.

சேர்க்கைப் பதிவேட்டில் மூக்கையாவின் வீட்டு விலாசம் இருந்தது. ஆளும் இருந்தார். கண்ணம்மாள் தனியாகப் பஸ் ஏறி ஆத்தூர் போனார்.

மூக்கையாவுக்கு எண்பத்திரண்டு. கண்ணில் புரை விழுந்து எழுத்து தெரியாது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல்மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கண்ணம்மாள் வாசலிலேயே நின்றபடி, "சார், நான் நாலாம் வகுப்பு கண்ணம்மா. அன்னிக்கி முந்திச் சொன்னது நாந்தான். என்னாலதான் நீங்க பெயிலானீங்க" என்றார். உட்காரக்கூட இல்லை.

கிழவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீதான்னு தெரியும் தாயி. நீ எதுக்கு எந்திரிச்சேன்னும் தெரியும். ஒக்காரு" என்றார்.

டீ வந்தது. குடித்து முடித்ததும் அவரே பேசினார். "மில்லுல நான் வாத்தியாருக்குப் படிச்சவன்னு சொன்னப்ப சிரிச்சாங்கெ. அப்பறம் வாத்தியாரு எதுக்குலே பஞ்சு பெறக்க வந்தேன்னாங்கெ. கையில சர்டிபிகேட் கெடையாது. எம் பிள்ளைகளும் நம்பல, பேரப்பிள்ளைகளும் நம்பல. கல்லூரியில என்னமோ பொஸ்தகம் போடுறாங்களாமே. அதுல மொதல் செட்டுல எம் பேரு இருந்தாப் போதும். பாஸுன்னு போட வேணாம். படிச்சான்னு இருந்தாப் போதும்."

கண்ணம்மாள் அதை வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். வாங்கித் தருவதற்கு அவர் யார், ஒரு ரிட்டயர்டு சமையல்காரம்மா. மறுநாள் முதல்வர் அறை வாசலில் போய் நின்றார். முதல்வர் அந்தோணிராஜ் கெட்ட மனுஷன் இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பதில் சொன்னார். "பாஸானவங்க பட்டியலத்தாம்மா போடுறது வழக்கம். பெயிலானவரு பேரப் போட்டா, எதுக்குப் பெயிலுன்னு நாலு பேரு கேப்பாங்க. விழா நேரத்துல அது எதுக்கு?"

பானுப்ரியாவும் இரண்டு தடவை பேசிப் பார்த்தாள். வழக்கம் வழக்கம்தான் என்றார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் மலர் அச்சாகி வந்தது. பானுப்ரியா ஒரு பிரதியைக் கொண்டுவந்து கண்ணம்மாள் கையில் கொடுத்தாள். அவள் முகமே சரியில்லை. முதல் செட் பட்டியலில் இருபத்திமூன்று பெயர். பக்கத்தைத் திருப்பினால், 'கேள்விக்கு முன்பே விடை சொன்ன சிறுமி' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. 'நமது பயிற்சி முறை எவ்வளவு சிறப்பானது என்றால், ஒரு பயிற்சி மாணவர் கேள்வி கேட்குமுன்பே ஒரு சிறுமி எழுந்து சரியான விடையைக் கூறி அதிகாரியை வியப்பில் ஆழ்த்தினாள்' என்று எழுதியிருந்தது. பானுப்ரியா எழுதிக்கொடுத்ததை மேலே யாரோ பாலிஷ் போட்டிருக்கிறார்கள். அந்தச் சிறுமியை விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போடுவதாகவும் ஏற்பாடு. கண்ணம்மாள் மலரை மூடி வைத்தார். தன் பாவத்தை எடுத்துத் தனக்கே மாலை கட்டிப் போடுகிறார்கள் என்று அழுதார். அழுது முடித்ததும், விழாவுக்குப் போகிறேன் என்றார்.

விழாவில் முன்வரிசையில் முதல் செட்டுக்காரர்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஐந்து பேரும் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்கள், ஐந்து பேர் தோளிலும் பொன்னாடை. கண்ணம்மாளுக்கும் போர்த்தினார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கெட்டிக்காரின்னு இதுல போட்டிருக்கு. இல்ல. பாடத்த முன்னாடியே ரெண்டு தடவ எனக்கு நடத்தியிருந்தாங்க, அதான் சொன்னேன்" என்றார். கூட்டத்தில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தார். "சார்மாரே, உங்க அஞ்சு பேருகிட்டயும் நான் படிச்சிருக்கேன். ஒன்னே ஒன்னு கேக்குறேன். ஒத்திகை பாக்காம பரிச்சைப் பாடம் நடத்துனவங்க கையத் தூக்குங்க."

அந்தோணிராஜ் எழுந்திருக்கப் பார்த்து, என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் ஒரு கையும் மேலே போகவில்லை.

"அப்ப மூக்கையா சார் மட்டும் எப்புடி பெயிலு? அவரு பண்ணதத்தான நீங்களும் பண்ணீங்க. நான் அவரு பாடத்துல வாயத் தொறந்தேன், உங்க பாடத்துல தொறக்கல. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

ஐந்து பேரில் சடையாண்டி என்பவர் தடியை ஊன்றி எழுந்தார். "நான் மூணு தடவ ஒத்திகை பாத்தேன். எனக்கும் அதே விதைப் பாடந்தான். நாங்க இருபத்திநாலு பேரு. அவன் பேரப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மற்ற நால்வரும் குனிந்த தலை நிமிரவில்லை.

அச்சடித்ததை அடித்து எழுத முடியாது, கையால் எழுதிச் சேர்க்கலாம் என்று அந்தோணிராஜே சொன்னார். அன்று மத்தியானம் பானுப்ரியாவும் கண்ணம்மாளும் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்தார்கள். முந்நூறு பிரதி. ஒவ்வொன்றிலும் இருபத்திமூன்றாவது பெயருக்குக் கீழே, '24. மூக்கையா, ஆத்தூர்' என்று கறுப்பு மையில் எழுதினார்கள். கண்ணம்மாள் எழுதியவை கொஞ்சம் கோணலாக இருந்தன. வேண்டாம் என்று பானுப்ரியா சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவர் ஒரு பிரதியோடு ஆத்தூருக்குப் போனார். மூக்கையாவின் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். புத்தகத்தை நீட்டியதும் கிழவர் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாது தாயி. நீயே படி. மொதப் பேருலருந்து படி."

கண்ணம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக, ஊரோடு சேர்த்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார். இருபத்திமூன்று முடிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, "இருபத்திநாலு. மூக்கையா, ஆத்தூர்" என்றார்.

கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிழவர் எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்தார். கை இரண்டையும் கட்டிக்கொண்டார்.

"உள்ளேன் ஐயா" என்றார்.