ரங்கநாயகி அனுப்பாத கடிதங்கள்

இறந்துபோன ஒரு பெண்ணின் பெயரில் அரசியல் கடிதங்கள் அனுப்பியவன் நான். அரசுப் பணத்தில் ஓடும் கணினி வலையமைப்பில், அரசு கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு! இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மைசூரில் ஓர் அரசுப் பயிற்சி நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட விடுப்பில் போகிறவர்கள் தங்கள் கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வருகிற கடிதங்களுக்கு நான் பதில் போட்டு வைப்பேன். விதிப்படி தவறுதான். ஆனால் எல்லோருக்கும் சௌகரியம்.

நூலகப் பிரிவு ரங்கநாயகி அம்மாளும் அப்படித்தான் கொடுத்தார். அதிர்ந்து பேசாதவர். அறுவை சிகிச்சைக்குப் போவதற்கு முதல் நாள் சீட்டை நீட்டி, "ரெண்டு வாரந்தான். பாத்துக்கோங்கோ" என்று சிரித்தார்.

நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா?

ஊரின் ஹெப்பாள் பக்கத்து ஏரி ஒன்றை மூடித் தொழிற்கூடங்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று நான் சேர்ந்திருந்த ஏரிப் பாதுகாப்புக் குழு போராடிக்கொண்டிருந்தது. தேர்தல் நெருங்கியிருந்தது. மாநிலம் முழுவதுமுள்ள அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் பட்டியல் என் கையில்... ஏரியை விற்கப் போகிறவர்களுக்கு வாக்களிக்காதீர்கள் என்று கன்னடத்தில் ஆறு கடிதங்கள் எழுதினேன். என் பெயரில் அனுப்பத் தொடை நடுங்கியது. அவர் பெயரில், நாளுக்கு ஒன்றாக, காலை பதினொரு மணிக்குத் தானாகவே போகும்படி அமைத்துவிட்டேன். மேடையில் கொள்கை முழங்குகிறவனுக்கு அவ்வளவுதான் துணிச்சல்!

மூன்று கடிதங்கள் போயின; அவர் திரும்பியதும் விளக்கம் கேட்கலாம் என்று அலுவலகம் காத்திருந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் அவர் மருத்துவமனையில் இறந்துபோனார்.

உடலை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அலுவலகமே சுற்றி நின்றது. பதினொரு மணி ஆனது. எங்கள் சட்டைப் பைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தன... இயக்குநர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. நானும் பார்த்தேன். "நான் ரங்கநாயகி. இனியும் வாய்மூடி இருக்கப் போவதில்லை" என்று தொடங்கியது கடிதம். எதிரே, முகவாயைத் துணியால் கட்டி, அவர் படுத்திருந்தார்.

எழுதியவன் நான்தானே! பிறகு ஏன் எனக்கே உடல் சில்லிட்டது?

மீதி இரண்டை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் வேறொரு கை இருப்பது தெரிந்துவிடுமே... விட்டுவிட்டேன். அவையும் போயின.

விடுப்புக்கு முன்பே அவர் அமைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். கடவுச்சொல் சீட்டுகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை; திறந்தால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்களே. தாயின் இடத்தில் மகளுக்குக் கிடைக்கவிருந்த வேலைக்கான கோப்பு அதோடு நின்றது. "கடிதங்கள் அவருடைய கணக்கிலிருந்தே சென்றுள்ளன" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தவனும் நானே. அதில் பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள்!

சில மாதங்கள் கழித்து அவருடைய கணவர் என்னைத் தேடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"முப்பது வருஷம் கூட இருந்தேன், சார். இவ மனசுல இப்படி ஒரு நெருப்பு இருந்தது எனக்குத் தெரியலையே! ஆறு கடுதாசியையும் தெனம் வாசிக்கறேன். இன்னும் ஏதாவது எழுதி வச்சிருப்பாளா? கொஞ்சம் தேடிப் பாருங்கோ."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தேடுவதுபோல் தட்டச்சு செய்தேன். பத்து நிமிடத்தில் ஒரு பக்கம். அச்செடுத்துக் கொடுத்தேன்.

நின்றபடியே வாசித்தார். "அவதான். அவளேதான்" என்றார். இன்னும் இருக்குமா என்று கேட்டார். இருக்கலாம் என்றேன்.

அன்றிலிருந்து செவ்வாய்தோறும் வருகிறார்.

போன வாரக் கடிதத்தில், மேலுக்கோட்டைக் குளத்துப் படியில் புது மணப்பெண்ணாக வழுக்கி விழுந்ததையும், அதை மாமியாரிடம் மறைத்ததையும் எழுதியிருந்தேன். முழுக்க முழுக்க என் கற்பனை... அப்படித்தான் நினைத்தேன். அவர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது எங்க ரெண்டு பேருக்கும் மட்டுந்தானே தெரியும்!"

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகளின் கோப்பு இன்னும் அசையவில்லை. நாளை செவ்வாய்க்கிழமை.