மூன்று தண்ணீரும் ஒரே நாளில்

அண்ணன் வயிற்றிலிருந்து கிள்ளியெடுத்த சதையின் ரிப்போர்ட்டை நான்தான் உரக்கப் படித்தேன். புற்று என்பது வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரியும். திங்கட்கிழமை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேரவேண்டும், மறுநாள் ஆபரேஷன். கடைசி வரியில், கட்டிக்குள் ஒரு வைரஸ் இருப்பதாக எழுதியிருந்தது. அதையும் சொன்னேன். சொல்லாமல் மடித்து வைத்திருக்கலாம்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வைரஸா? நம்ம பொண்ணுக்கு அம்மை போட்டப்ப டாக்டர் இன்னா சொன்னாரு? வைரஸு, தானா வந்துது, தானா பூடும்னாரு. பூட்சா இல்லியா?"

"அது வேற, இது வேறண்ணா."

"நீ டாக்டரா? பேப்பர்ல எதையோ கிறுக்கிக்கினு கீறவன்தானே."

மறுநாள் சனிக்கிழமை, அண்ணனுக்கும் அம்மைதான் என்று வாசல் நிலையில் வேப்பிலை தொங்கியது. அண்ணி தாளிப்பை நிறுத்திவிட்டார். அம்மை கண்டவர் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை படி தாண்டக்கூடாது, மருந்தைத் தொடக்கூடாது. முதல் தண்ணீரே செவ்வாய்தான் என்றார் அண்ணி. திங்களை விட்டால் அடுத்த தேதி எப்போதென்று சொல்ல முடியாது என்றிருந்தது ஆஸ்பத்திரி. அண்ணனுக்கோ இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை.

ஏரிக்கரைக்குப் போய் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஏரி தளும்பத் தளும்ப நிறைந்து கிடந்தது. அதன் அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வைரஸ் எச்சில் வழியாகச் சின்ன வயதிலேயே பெரும்பாலோருக்குள் புகுந்து, சத்தமில்லாமல் தங்கிவிடுமாம். எனக்குள்ளும் இருக்கலாமாம். வெகு சிலருக்கு மட்டும் வயிற்றுக் கட்டிக்குள் தென்படுகிறது. ஏன் அவர்களுக்கு மட்டும் என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றார் அந்த அம்மா. "அம்மை இறங்கிடும் சார். கட்டி தானா இறங்காது. வெட்டித்தான் எடுக்கணும்."

வழியெல்லாம் எச்சில் விழுங்கப் பயந்தேன். ஒரே மாங்காயை மாற்றி மாற்றிக் கடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவனுக்குள் விழித்தது எனக்குள் ஏன் தூங்குகிறது?

டாக்டர் சொன்னதையெல்லாம் இருவரிடமும் சொன்னேன். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"தண்ணி ஊத்தாம தாண்டினா ஆத்தா சும்மா வுடுவாளா?"

அவன் பயம் ஆத்தாளிடம் இல்லை, கத்தியிடம். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அண்ணி அவன் மிச்சம் வைத்த கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிறு காலை வாசல் வெயிலில் அண்டா நின்றது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் வேப்பிலை மிதந்தது.

"எழுந்து வாய்யா," என்றார் அண்ணி.

"இன்னாடி, செவ்வாய்தானே சொன்ன?"

"மூணு தண்ணியும் இன்னிக்கே ஊத்திடறேன். ஆத்தா கேட்டா என்னைக் கேக்கட்டும். நீ நாள் பாத்துக்கினு குந்திக்கினு இருக்காத."

மூன்று சொம்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவே கண்ணை மூடி, எதற்கோ காத்திருப்பதுபோல் நின்றார். மூன்றாவதில் அண்ணனின் விலா எலும்புகள் நடுங்கின. அண்ணியே வேப்பிலையை அவிழ்த்தார்.

திங்கள் காலை, உத்திரமேரூரில் செங்கல்பட்டு பஸ். ஜன்னலோரம் அண்ணன், அவன் காதுமடலில் கழுவாத மஞ்சள்.

"டேய், வெட்டிட்டா திரும்ப வராதில்ல?"

ஏரிக்கரையில் டாக்டரிடம் அதை மட்டும் நான் கேட்கவில்லை. பஸ் நகர்ந்தது. ரிப்போர்ட் இருந்த பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.