முந்திக் கேட்ட பாங்கு

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. எங்கள் ராத்தா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவடையும் இந்நாளில், அவருக்காகத் துஆச் செய்ய வந்திருக்கும் உங்கள் கைகளில் இச்சிறு நினைவு மலரைத் தருகிறோம். மலர் வெளியிடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இருந்ததில்லை. ராத்தா இருந்திருந்தால், "இதெல்லாம் எதுக்குப் புள்ள? ரெண்டு பேருக்குச் சோறு ஆக்கிக் குடுங்க" என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய கம்பனியில் வேலை செய்யும் பிள்ளைகள் விடவில்லை. "மிஸ்ஸுக்கு வெற்றியா முடிஞ்ச சாமான் எல்லாம் ஊருக்குத் தெரியும். சரிவராமப் போனதையும் நீங்க எழுதணும்" என்றார்கள். நான் ராத்தாவின் ஒரே தங்கை. விற்பனையையும் வாடிக்கையாளர்களின் தொலைபேசியையும் பார்த்துக்கொண்டு தொடக்கத்திலிருந்தே அவரோடு இருந்தவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ராத்தா பிறந்து வளர்ந்தது கல்முனைக்குடியில். கடற்கரைப் பக்கம் எங்கள் வாப்பா ரேடியோ, தொலைக்காட்சி திருத்தும் கடை வைத்திருந்தார். குர்ஆன் ஓதப்போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ராத்தா அந்தக் கடையில்தான் இருப்பார். பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். வாப்பா ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலை ராத்தாவிடம் நீட்டுவார், அவ்வளவுதான்.

ராத்தா பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது சுனாமி வந்தது. எங்கள் உம்மாவைக் கடல் கொண்டு போனது. கடை இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியது. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இருக்கப்போவதாக ராத்தா சொன்னார். அகதி முகாமாக இருந்த பாடசாலையின் விறாந்தையில் வைத்து வாப்பா அவருக்குச் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உம்மாவும் இல்ல, கடையும் இல்ல. நீ படிப்பையும் உட்டுட்டு வந்தா எனக்கு மிச்சம் என்ன இரிக்கு? போ மகள். தங்கச்சிய நான் பார்க்கிறன்."

ராத்தா போனார். பட்டம் பெற்றார். கொழும்பில் நல்ல வேலை கிடைத்தும் ஊருக்கே திரும்பி வந்தார். கணிதம் கற்பிக்கும் ஆசிரியரான எங்கள் மச்சானைத் திருமணம் முடித்த பிறகு, வீட்டின் முன்னறையில் இரண்டு மேசைகளைப் போட்டுக் கம்பனியைத் தொடங்கினார்.

கடைகளில் பில் போடுவதற்கான மென்பொருள்தான் முதலில் வந்தது. முழுவதும் தமிழில், எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் சொல்லும் சொற்களிலேயே அதைச் செய்திருந்தார். புடைவைக் கடை, மளிகைக் கடை, மருந்துக் கடை என்று கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எல்லோரும் வாங்கினார்கள். அந்த வருமானத்தில்தான் வேலைக்கு ஆள் எடுத்தோம், தனியாக ஒரு கட்டடமும் பார்த்தோம்.

அடுத்து வந்தது நெல்லின் ஈரத்தை அளக்கும் கருவி. ராத்தாவின் பல்கலைக்கழகத் தோழி யோகா அக்கா சொறிக்கல்முனையைச் சேர்ந்தவர். அவருடைய குடும்பத்து வயலில்தான் அதைச் சோதித்தோம். ஒரு பிடி நெல்லைப் போட்டால் ஈரம் எவ்வளவென்று காட்டிவிடும். காய்ந்த நெல்லையும் ஈரமென்று சொல்லி வியாபாரிகள் விலை குறைப்பதை இது நிறுத்தும் என்று நம்பினோம். அறுவடை முடிந்ததும் யோகா அக்கா வந்து உண்மையைச் சொன்னார்.

"உன்ட மிசின் சரியாத்தான் காட்டுது. நான் அதை யாவாரிக்கிட்ட நீட்டினா அவன் திரும்பியும் பாக்கான் இல்ல. கையில அள்ளிப் பாத்திட்டு அவன் சொல்றதுதான் விலை. விருப்பமில்லாட்டி நெல்லைத் திருப்பிக் கொண்டு போ எண்டுறான்."

ராத்தா கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "அளக்கிறதுக்கு மட்டும்தான் யோசிச்சன். அளந்ததை யார் ஏத்துக்குவாங்க எண்டு யோசிக்கல்ல" என்றார். செய்த கருவிகளில் பாதி விற்கவேயில்லை.

கோமாரிக் கிராமத்து மீனவர்களுக்காகச் செய்த பெட்டியும் அப்படித்தான். நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோனால் கரைக்குச் செய்தி அனுப்ப வேண்டிய பெட்டி அது. கரையில் வைத்துச் சோதித்தபோது அருமையாக வேலை செய்தது. ஒரு பருவம் கழிந்து போய்ப் பார்த்தால் உள்ளே எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. "பெட்டி நல்லந்தான் தங்கச்சி, கடல் அதைத் திண்டிட்டு" என்று படகுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ராத்தாவும் சிரித்தார், ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

இதற்கிடையில் கைத்தொலைபேசியில் இலவசமாகவே பில் போடும் செயலிகள் வந்துவிட்டன. எங்கள் மென்பொருளை வாங்கியவர்கள் ஒவ்வொருவராக அதைக் கைவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. கம்பனியை மூடுவதா என்று வீட்டில் கதைக்கத் தொடங்கிய நேரத்தில்தான் ராத்தா பள்ளிவாசல் கடிகாரத்தைச் செய்தார்.

ஐந்து நேரத் தொழுகைகளையும், நோன்பு காலத்தில் விடியுமுன் உண்ணும் ஸஹர் முடியும் நேரத்தையும் நோன்பு திறக்கும் நேரத்தையும் பெரிய எழுத்தில் காட்டும் பலகை அது. மின்சாரம் போனாலும் மின்கலத்தில் ஓடும். நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு நடந்த காலம் என்பதால் பள்ளிவாசல்கள் விரும்பி வாங்கின. எங்கள் பகுதி மஹல்லாவின் பள்ளிவாசலுக்கு முதலாவது கடிகாரத்தை ராத்தாவும் மச்சானுமே கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். ஏழு பள்ளிகள் வாங்கிய நிலையில் ரமழான் பிறந்தது.

எங்கள் ஊரில் சூரியன் கடலில் எழுந்து வயலில் மறையும். அன்று பின்னேரம் வயல் பக்கம் மழை மப்பு மூடியிருந்ததால் வெயில் மறைந்ததா இல்லையா என்று எவருக்கும் தெரியவில்லை. பகல் முழுவதும் மின்சாரம் இல்லை. நாங்கள் நோன்பு திறக்க விரிப்பில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பள்ளியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. ராத்தா பேரீச்சம்பழத்தைத் தின்று தண்ணீர் குடித்தார். கஞ்சிக் கோப்பையை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"மற்றப் பள்ளியில பாங்கு கேக்கல்லயே?"

எல்லோரும் காது கொடுத்தோம். சற்றுப் பொறுத்துத்தான் அடுத்த மஹல்லாவில் பாங்கு தொடங்கியது. அதன் பின் சாய்ந்தமருதுப் பக்கத்திலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. மச்சான் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தார். ராத்தா கோப்பையைக் கீழே வைத்தார். "யா அல்லாஹ், என்ட கடிகாரம்" என்றார். அவர் முகம் அப்படி வெளிறியதை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. ஒரு மஹல்லாவே நேரத்துக்கு முந்தி நோன்பு திறந்திருந்தது. அவருடைய நோன்பும் அதற்குள்தான்.

மஃரிப் தொழுகை முடிந்ததும் ராத்தாவும் மச்சானும் நானும் பள்ளி வாசலுக்குப் போனோம். பள்ளித் தலைவர் ஹாஜியார் வெளியே வந்தார். முற்றத்தில் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். மோதினார் பலகையைப் பார்த்தே பாங்கு சொன்னதாக அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவர ஏசாதீங்க," என்றார் ராத்தா. "இது என்ட பிழை. மின்கலத்தில கனநேரம் ஓடினா கடிகாரம் முந்துது. அத நான் சோதிச்சிருக்கணும்."

ஹாஜியார் அவரை ஆறுதல்படுத்தவே பார்த்தார். "மகள், இது வேணுமெண்டு செஞ்சதில்லயே. கடிகாரம் பிழைச்சிட்டு, நோன்பைக் களாச் செய்ங்க எண்டு மட்டும் ஸ்பீக்கர்ல சொல்லுவம். உங்கட கம்பனிப் பேர் எதுக்கு?"

"பேரச் சொல்லுங்க ஹாஜியார். இந்தக் கடிகாரம் இன்னும் ஆறு பள்ளியில தொங்குது. அவங்களும் கேக்கணும்."

அப்படியே அறிவிக்கப்பட்டது. அந்தப் பாங்கோடு நோன்பு திறந்தவர்கள், ரமழானுக்குப் பிறகு அதற்குப் பதிலாக ஒரு நோன்பு பிடிக்க வேண்டும். பிழை இன்ன கம்பனியுடையது. கம்பனிக்காரர் மன்னிப்புக் கேட்கிறார். ஒலிபெருக்கியில் எங்கள் கம்பனியின் பெயர் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். ராத்தா குனியவில்லை.

மறுநாளே மற்ற ஆறு கடிகாரங்களையும் கழற்றப் புறப்பட்டார். வாப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "மத்ததெல்லாம் சரியாத்தானே ஓடுது மகள்? எல்லாத்தையும் கழட்டினா கம்பனி இரிக்குமா?"

"இண்டைக்குச் சரியா ஓடுது வாப்பா. நாளைக்கு ஓடுமெண்டு என்னால சொல்ல ஏலாது. கம்பனி போனா வேற வேல செய்யலாம்."

வாப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, ஏணியைப் பிடிக்கத் தானும் வருவதாகச் சொல்லி வாகனத்தில் ஏறிக்கொண்டார்.

அந்த ரமழான் எங்களுக்குக் கடினமாகக் கழிந்தது. "முந்திப் பாங்குக் கம்பனி" என்று கடைத்தெருவில் பெயர் வைத்தார்கள். தொலைபேசியை எடுத்தால் ஏச்சு. வேலை செய்தவர்களில் சிலர் விலகிப் போனார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. கடிகாரத்தைத் திருத்தப் புது உதிரிப்பாகங்கள் வேண்டியிருந்தன. டொலர் இல்லாத அந்நாட்களில் அவை நாட்டுக்குள் வருவதாக இல்லை. வெளிநாட்டில் இருந்த மச்சானின் பழைய மாணவர்களும் உறவினர்களும் ஊருக்கு வருபவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களை இங்கே நன்றியோடு நினைக்கிறோம்.

பெருநாள் முடிந்து சில நாட்களில் ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மஹல்லாவில் அந்த ஒரு நோன்பைக் களாச் செய்ய வேண்டியவர்கள் பலர் ஒரே நாளில் பிடிக்கப் போகிறார்கள், பள்ளியில் கஞ்சி காய்ச்சுகிறார்கள், ராத்தாவும் வரவேண்டும் என்பதே செய்தி. ராத்தா பயந்தார். "என்னக் கண்டா சனம் என்ன சொல்லும் புள்ள?" என்று என்னைக் கேட்டார். நானும் அவரும் அன்று நோன்பு பிடித்து, பெண்கள் பகுதிக்குப் போனோம். யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு தாய் நகர்ந்து இடம் கொடுத்து, "இஞ்ச இரி மகள், மறுகா கஞ்சி ஆறிப்போகும்" என்று கோப்பையை அவர் முன்னால் வைத்தார். பாங்கு சொல்லும் வரை ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தபோது ஹாஜியார் வாசலில் நின்றார்.

"புதுக் கடிகாரம் எப்ப மகள் வரும்? சுவர் வெறுசாக் கிடக்கு."

"இன்னும் சோதிச்சு முடியல்ல ஹாஜியார்."

"முடிஞ்சதும் முதல்ல நம்மட பள்ளிக்குத்தான். ஓமா?"

ராத்தா தலையை ஆட்டினார்.

புதுக் கடிகாரம் வானில் சுற்றும் செய்மதியிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதில் ராத்தா ஒரு விதி வைத்தார்: நேரம் சரியா என்று சந்தேகம் வந்தால் பலகை தானாக இருண்டுவிட வேண்டும். விற்பனை பார்ப்பவள் என்ற முறையில் நான் வாதாடினேன். இருண்ட பலகையைப் பார்த்தால் சாமான் பழுது என்றுதானே சொல்வார்கள்? "சொல்லட்டும் புள்ள. பிழையான நேரத்தக் காட்டுறதுக்கு இருட்டா நிக்கிறது நல்லம். சனம் வானத்தப் பார்த்துக்கும்" என்றார். பொருத்தும் இடமெல்லாம் அதைச் சொல்லிவிட்டே பொருத்தினோம். அந்த விதிக்காகவே அதை நம்பி வாங்கினார்கள். அல்ஹம்துலில்லாஹ், இன்று அது புத்தளத்திலும் மன்னாரிலும் கண்டியிலும் பள்ளிகளில் ஓடுகிறது. அதையே மாற்றியமைத்த மணி, பல பாடசாலைகளில் பாடவேளைக்கு அடிக்கிறது. சொறிக்கல்முனைப் பாடசாலைக்கு அதைக் கேட்டு வாங்கிப் போனவர் யோகா அக்கா.

இந்த வெற்றியைச் சில வருடங்கள் மட்டுமே பார்க்க ராத்தாவுக்கு அல்லாஹ் எழுதிய நஸீப் இருந்தது. சிறுநீரக நோய் என்று தெரிந்தபோது, மச்சானையும் என்னையும் உட்காரவைத்துக் கம்பனியை யார் யார் எப்படி நடத்துவது என்று கதைத்து முடித்துவிட்டுத்தான் சிகிச்சைக்குப் போனார். இறுதி நாட்களில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். தாம் ஏசியதற்காக ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அழுத ஒரு பிள்ளையிடம், "பிழை கண்டா பயப்படாம வந்து சொல்ற ஆள் நீ. நான் இல்லாட்டியும் தங்கச்சிக்கிட்ட சொல்லணும்" என்றார். ஒரு லுஹர் தொழுகைக்குப் பின், மச்சான் யாஸீன் ஓதிக்கொண்டிருக்க, அமைதியாக வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கேட்காமலே இரத்தம் கொடுக்க வந்த இளைஞர்களுக்கும், ஜனாஸாவைச் சுமந்தவர்களுக்கும் நன்றி. சொறிக்கல்முனையிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்த யோகா அக்காவுக்கு நன்றி. அன்று கஞ்சி காய்ச்சிய எங்கள் மஹல்லாவுக்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. மகளுக்காக ஏணியைப் பிடித்த வாப்பாவுக்கு அல்லாஹ் பொறுமையைத் தருவானாக.

மையவாடியில் அடக்கத்தின்போது மச்சான் அவர்கள், வழக்கப்படி, மௌத்தானவரிடமிருந்து யாருக்காவது கடன் ஏதும் வரவேண்டியிருந்தால் தம்மிடம் கேட்கும்படி சொன்னார். பிறகு ஒரு வார்த்தையைக் கூட்டிச் சொன்னார்: "அவ செஞ்ச சாமான் எதாவது உங்கட வீட்டிலயோ பள்ளியிலயோ பிழையா ஓடினா, அதையும் கொண்டு வாங்க."

இந்த மலரின் வழியாக அதையே மீண்டும் கேட்கிறோம். எவ்வளவு பழையதானாலும் பரவாயில்லை. கொண்டு வாருங்கள், சரிசெய்து தருகிறோம்.