நடுவில் நெல்

மகளிர் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கப் போன எனக்கு மைதானத்தின் நடுப்பகுதி கிடைக்கவில்லை. அறுவடை முடிந்ததும் கல்லூரி அதிபர் தன் வயல் நெல்லை அங்கேதான் காயப்போடுவார். ஊரில் வேறெங்கும் சீமெந்துத் தரையே இல்லாதது போல.

"சேர், பிள்ளைகளுக்குப் போட்டி வருது," என்றேன்.

"ஓம் டீச்சர், ஓரத்தால விளையாடச் சொல்லுங்க. நெல்ல மிதிக்கப்படா."

நான் வாய்க்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிள்ளைகள் மிதிக்கவில்லை. ஒரு மாதம் முழுக்கக் கோட்டோரமாகவே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள்.

போட்டி நடந்த வெளியூர் மைதானம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. அங்கேயும் என் பிள்ளைகளில் ஒருத்தியும் நடுவில் கால் வைக்கவில்லை.

"நடுவால போங்களன்," என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"கால் போகுதில்ல டீச்சர்," என்றாள் அணித்தலைவி, ஓடிக்கொண்டே.

எதிரணி முழுவதும் நடுவில் எங்களுக்காகக் காத்து நின்றது. நாங்கள் ஓரத்தால் போய்ப் போய்க் கூடையில் போட்டு வென்றுவிட்டோம்.

முடிந்ததும் எதிரணிப் பயிற்றுநர் கொப்பியும் பேனையுமாக வந்து, இந்த உத்தியை யாரிடம் படித்தீர்கள் என்று பணிவாகக் கேட்டார்.

"எங்கட அதிபர்தான் பழக்கினவர்," என்றேன்.