நடு அறை அண்டாக்களும் தம்பியின் சிக்னலும்

அந்த வருடங்களில் எனக்கு எப்போதும் தூக்கம் வந்துகொண்டே இருந்தது. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கரண்ட் பேனல்களுக்குத் தகரப் பெட்டி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. நாள் பூராவும் நின்றுகொண்டு, பெயின்ட்டில் கீறல் இருக்கிறதா, கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் நசுங்கி, வீடு இருக்கும் மணவாள நகரில் வந்து இறங்கும்போது கண் தானாகச் சொருகும். செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா ஏதாவது ஒரு பேஜாரை எடுத்து வைப்பாள். ஒரு தடவை அந்தப் பேஜாரு கேம் பெட்டி ரூபத்தில் வந்தது.

பெட்டி தம்பிக்கு வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் இருந்தவன் அவன். லாரியிலிருந்து கம்பிக் கட்டு சரிந்து வலது கால் நசுங்கிவிட்டது. ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தவன் கடைசி அறையை விட்டு வெளியே வரவில்லை. கும்மிடிப்பூண்டியில் அவனோடு ஒரே ரூமில் தங்கியிருந்த சிநேகிதர்கள் ஒவ்வொருவராகத் துபாய்க்குப் போய்விட்டார்கள். அவர்கள் போன் செய்வார்கள். "கால் எப்டி கீது மச்சான்" என்று கேட்ட அடுத்த நொடி, "அம்மா கூப்டுது, அப்புறமா பேசறேன்" என்று தம்பி போனை வைத்துவிடுவான். அம்மா கூப்பிட்டிருக்கவே மாட்டாள். எங்களிடமும் பேச்சு தேய்ந்து தேய்ந்து, 'சோறு போதும்' என்பதில் வந்து நின்றது.

அந்த சிநேகிதர்களில் ஒருவன் லீவில் வந்தபோது டி.வி.யில் மாட்டி ஆடும் தன்னுடைய பழைய கேம் பெட்டியைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தான். "நெட்டுல மாட்டிடு மச்சான். வாரக் கடைசில, வியாழன் ராத்திரி, வெள்ளிக்கெயம, நாங்க எல்லாம் அங்கேர்ந்து வருவோம். காதுல மைக்க மாட்டிக்கினு பேசிக்கினே ஆடலாம்" என்றான். ஆட்டத்தில் யாரும் காலைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்பது எனக்கே அப்போது உறைத்தது. அவன் போன பிறகு தம்பி தானாக வாயைத் திறந்தான்.

"அக்கா, நம்ம ஊட்டு நெட்டு இதுக்கு வருமா?"

எத்தனையோ மாதம் கழித்து அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. வராது என்று எப்படிச் சொல்வேன்?

ஆனால் வரவில்லை. மோடம் முன் ஹாலில், டெலிபோனுக்குப் பக்கத்தில். இவன் இருப்பதோ கடைசி அறை. பெட்டிக்குக் காற்றில் சிக்னலைப் பிடிக்கத் தெரியாது. அதற்குத் தனியாக ஒரு வைஃபை வில்லை வாங்கி மாட்ட வேண்டுமாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதன் விலையைக் கேட்டதும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு வெளியே வந்தேன். இவ்வளவு பெரிய பெட்டியைச் செய்தவனுக்கு அந்தத் துக்கடாவை உள்ளேயே வைத்து அனுப்ப என்ன கேடு? நீளமாக ஒரு கேபிள் இழுத்தால் மலிவு. அதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டைய ஊனிக்கினு வர்றவன் ஒயர்ல மாட்டிக்கினு வுழுந்தா இன்னாடி பண்றது?" என்றாள். அதுவும் நியாயம். சுவர் மேலே இழுக்கலாம் என்றால், ஓர் ஆணி அடித்தாலும் ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார்.

கடைசியில் பழைய சாமான் கடையில் ஒரு ரவுட்டர் கிடைத்தது. மோடத்தின் சிக்னலை அது காற்றில் பிடித்து, ஒரு முழக் கேபிள் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும்படி மாற்றலாம் என்று தம்பிதான் படித்துக் கண்டுபிடித்தான். அதற்காக ஹாலுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அவன் ஹாலில் உட்கார்ந்ததைப் பார்த்து அம்மா வடை சுட்டாள்.

ஹாலில் வேலை செய்தது. அவன் அறைக்குக் கொண்டுபோனதும் செத்துவிட்டது. முதல் வெள்ளிக்கிழமை சிநேகிதர்களின் குரல் துண்டு துண்டாக வந்து, பிறகு அதுவும் நின்றது. அவன் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எங்கள் எஸ்டேட்டுக்கு வெள்ளிக்கிழமை கரண்ட் கிடையாது, அதனால் எனக்கு லீவு. தூங்க வேண்டிய நாளில், நீள வயரில் மாட்டிய ரவுட்டரைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். ஹாலில் பச்சை விளக்கு. நடு அறையில் நுழையும்வரை பச்சை. நடு அறையின் இரும்பு ரேக்கைத் தாண்டினால் சிவப்பு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. கம்பெனியில் தகரப் பெட்டிகளை அடுக்கிவிட்டால் அந்தப் பக்கம் செல்போன் எடுக்காது. வெளியே போய்த்தான் பேசுவோம். அதே கதை என் வீட்டுக்குள்.

அந்த ரேக்கில் இருந்தவை என் கல்யாணச் சீர் பாத்திரங்கள். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு தீபாவளி போனஸிலும் அம்மா வாங்கியவை. அண்டா, குடம், தூக்கு, சம்படம், டம்ளர் என்று எல்லாமே எவர்சில்வர். எல்லாவற்றிலும் கடையிலேயே என் பெயரை வெட்டி, நியூஸ் பேப்பர் சுற்றி, தரையிலிருந்து கூரைவரை சுவர் மாதிரி அடுக்கியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் புழங்கக் கூடாது. கடைசியாகப் பெண் பார்க்க வந்தவர்கள் போய் எத்தனை தீபாவளி ஆயிற்று என்று மட்டும் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பாத்திரங்கள்தான் சிக்னலை மறைக்கின்றன, ரேக்கைக் காலி செய்யலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அத்தெ எங்கடி கொண்ட்டு போய் வெக்கறது? பெரிம்மா ஊட்ல போட்டா, இன்னா, பொண்ணுக்கு இனிமே வேணாம்னு வுட்டுட்டீங்களான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்மா."

"நீ சும்மா இரு."

உள்ளே இருந்து தம்பி சொன்னான்: "வுடுக்கா. எனக்கு ஆட வேணாம். அத்தெ தொடாதீங்க."

மறுநாளே பெட்டியை அட்டையில் போட்டுக் கட்டிவிட்டான். சிநேகிதன் துபாய் திரும்புவதற்குள் கொடுத்துவிடச் சொன்னான். மறுபடியும் சோறு போதும். எனக்கு அவன்மேல் கோபம், அம்மாமேல் கோபம், அந்த அண்டாக்கள்மேல் எல்லாரையும்விடக் கோபம்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினேன். அம்மா எந்தப் பேஜாரையும் எடுத்து வைக்கவில்லை. நடு அறையில் வெளிச்சமாக இருந்தது. ரேக்குக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. மூலையில் பழைய பேப்பரும், கேம் பெட்டியைக் கட்டியிருந்த அட்டையும் குவிந்து கிடந்தன. பெரிய அண்டா குளியலறையில் தண்ணீர் நிரம்பி நின்றது. சம்படங்களில் அரிசியும் பருப்பும். அம்மா சமையல்கட்டில் குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாமா இது?"

"பாத்திரம்னா பொழங்கத்தானே. சும்மா அடுக்கி வெச்சிக்கினு இன்னா பண்றது" என்றாள், கீரையிடம்.

இதைத்தான் நான் கேட்டேன். வருடக்கணக்காக மனதுக்குள்ளும் கேட்டிருக்கிறேன். ஆனாலும், என் கல்யாணம் நடக்காது என்று அம்மாவே முடிவு கட்டிவிட்டாள் என்பது வலித்தது.

கடைசி அறையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "டேய், லெப்ட்ல வர்றான் பாரு, லெப்ட்ல. போச்சு, செத்தே நீ." பிறகு அவன் சிரித்தான். கும்மிடிப்பூண்டிக்குப் போவதற்கு முன்னால் சிரித்த சிரிப்பு. அம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றது.

"சிரிக்கிறான்" என்றேன்.

அவள் எழுந்து புது டம்ளர் ஒன்றில் டீ ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். "ஆறிடப் போவுது, குடி" என்றாள். டம்ளரின் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக என் பெயர். அதைக் கட்டைவிரலால் மூடிப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.