சுழிக்குள் ஒரு கைரேகை

ஃபைபர்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வேனோ பஸ்ஸோ, எது வந்தாலும் கண்ணாடி இழையை ரெசின் பசையில் நனைத்து, உள்பக்கச் சுவர்ப் பலகைகளை அளவெடுத்த சட்டை மாதிரி வார்த்துக் கொடுத்துவிடுவார். எழுத்து வார்ப்பதில்தான் அவருக்குப் பெயர். பெயின்ட் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. பலகையோடு பலகையாகப் புடைத்து நிற்கும் எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு தடவியே படித்துவிடலாம்.

அந்தப் பெயரில் பாதி அவர் மனைவிக்குச் சேர வேண்டியது என்பது மட்டும் தெருவுக்குத் தெரியாது.

பலகையில் எழுத்து புடைத்து வரவேண்டுமானால், அச்சில் அது குழியாக, இடவலம் மாறி இருக்க வேண்டும். அந்தக் குழியின் மூலை முடுக்கெல்லாம் மெழுகு தேய்க்க வேண்டும். நகக்கண் அளவு இடம் விட்டுப்போனாலும் ரெசின் அங்கே கவ்விக்கொள்ளும். பலகையை எழுப்பும்போது எழுத்து உடைந்து அச்சிலேயே தங்கிவிடும். அவர் விரல்களோ தடித்தவை. அவள் விரல்கள் மெலிந்தவை. பழைய பனியன் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, பதினாறு வருஷமாக மெழுகு போட்டது அவள்தான்.

"உங்களோடது விரலா, உலக்கையா?" என்பாள். "நகருங்க அந்தப் பக்கம்."

சில நேரம் கடைசித் துடைப்பை மறந்துவிடுவாள். மெழுகில் பதிந்த அவள் கைரேகை அப்படியே பலகையில் ஏறி வந்துவிடும்.

"இது என்ன பத்திர ஆபீசா? கைநாட்டு வச்சிருக்க!" என்று அவர் கத்துவார்.

"வேலை பார்த்தவ கையெழுத்துப் போடக் கூடாதா?"

பாலிஷ் போட்டு அதை அழிப்பது அவர் வேலை.

ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ரெசின் நாற்றம் சோற்றுப் பானைக்கும் வரும், தலையணைக்கும் வரும். இழைத் தூசி எங்கும் இருக்கும். முதலில் அவளுக்கு வறட்டு இருமல் வந்தது. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு படியே வேண்டாம், பேசினாலே வாங்கியது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: "இன்னொரு தடவை அந்தத் தூசிக்குள்ள போனாங்கன்னா என் கையில எதுவும் இல்ல. புரியுதா?"

அன்றே, அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றை வாங்கி வந்து ஷெட் கதவில் மாட்டினார். ஒன்பதாவது படிக்கும் மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இனிமே உங்கம்மா இதுக்குள்ள விருந்தாளியாகூட வரக் கூடாது" என்றார்.

"சரிங்க முதலாளி" என்று அவள் கும்பிடு போட்டாள். மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்த மாதம் வேன்காரர் வந்தார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோது, வீட்டுக்குக் கொண்டுவர வண்டி கிடைக்காமல் அரை நாள் வராந்தாவில் கிடத்தியிருந்தார்களாம். அந்த வேதனையில், தன் பழைய வேனை இறந்தவர்களை இலவசமாக ஏற்றிச் செல்லும் வண்டியாக மாற்ற முடிவு செய்திருந்தார்.

"உள் சுவத்துல 'அம்மா'ன்னு பெரிசா புடைச்சு வரணும்ணே. கூட உட்கார்ந்து வர்றவங்க கண்ணுக்கு நேரா. அம்மா போய் ஒரு வருஷம் முடியிற அன்னைக்கு வண்டி ஓடணும். முடியுமா?"

"முடியும், தம்பி."

அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது. "அ-வோட சுழி நுணுக்கமாச்சே. உலக்கை உள்ள போகாதே."

"நான் பார்த்துக்கறேன். நீ சும்மா இரு."

பார்த்துக்கொண்டார். மர எழுத்துகளின் ஓரத்தைச் சரிவாக அரத்தால் ராவி, அதிலிருந்து அச்செடுத்து, குச்சியில் துணி சுற்றி மெழுகு போட்டார். ஏழு முறை போட்டார். பலகை இறுகியதும் ஓரத்தில் ஆப்பு வைத்துத் தட்டினார். 'டக்'கென்று ஒரு சத்தம். பலகை வந்தது, அ-வின் சுழி வரவில்லை. அச்சுக்குள்ளேயே பல் மாதிரி உடைந்து நின்றது.

அதைக் குடைந்தெடுத்து, அச்சில் விழுந்த பள்ளத்தைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்தார். ஷெட் முழுக்க வெள்ளைத் தூசி. பட்டி வைத்த இடம் இன்னும் வழுவழுப்பாகவில்லை. கையில் இருந்தது மூன்றே நாள்.

சாப்பிடும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "நான் போட்டா அரை மணி நேரம்தானே?"

"வாயை மூடிட்டுச் சோத்தைப் போடு."

மறுநாள் காலை மகள் பள்ளிக்கூடம் போனபின் கண்ணாடி இழைப்பாய் வாங்கக் கிளம்பினார். பூட்டைக் கொண்டியில் மாட்டினார். அழுத்தவில்லை.

மறதி என்று சொல்ல முடியாது. மாட்டியபின் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்படி ஜன்னல் வழியாக அவளும் பார்த்தாள். பத்து நிமிஷ நடையில் இருக்கும் கடைக்குப் போய்வர அவருக்கு அன்று இரண்டு மணி நேரம் ஆயிற்று. வழியில் இரண்டு டீ குடித்தார். கடைக்காரரின் மருமகன் கதையை முழுசாக உட்கார்ந்து கேட்டார்.

திரும்பி வந்தபோது பூட்டு பூட்டியிருந்தது. அவள் அழுத்திவிட்டிருந்தாள். திறந்து பார்த்தார்; உள்ளே அச்சு முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னியது.

அவள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தலைமுடியில் வெள்ளைத் தூசி.

"ஏங்க இவ்வளவு நேரம்?" என்றாள். அவர் ரெசின் கலக்கப் போனார்.

பலகை உரித்த தோல் மாதிரி எழும்பி வந்தது. சொன்ன நாளில் வேன் ஓடியது. பன்னிரண்டாம் நாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அவள் எப்படி ஷெட்டுக்குள் போனாள் என்று டாக்டர் கேட்டார், அவள் அண்ணன் கேட்டார், அக்கம்பக்கம் கேட்டது. எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "நான் பூட்டிட்டுத்தாங்க போனேன். மாத்துச் சாவி வச்சிருந்திருக்கா போல. பிடிவாதக்காரி." சொல்லச் சொல்ல அது அவருக்கே நிஜம் போலப் பட ஆரம்பித்தது. மூக்கில் குழாயோடு படுத்திருந்த அவள் அதைக் கேட்டும் மறுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் விடிகாலையில் போய்விட்டாள்.

வேன்காரர்தான் ஓடி வந்தார். "நம்ம வண்டியிலயே கொண்டு போவோம்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

உள்ளே நீளமான பலகையில் அவள். ஒரு பக்கம் அவரும் மகளும். எதிரே, கண்ணுக்கு நேராக, புடைத்து நின்றது 'அம்மா'. மகளின் கை அவர் கைக்குள் இருந்தது. பின்கண்ணாடி வழியே வெயில் சாய்ந்து விழுந்தபோதுதான் பார்த்தார். அ-வின் சுழிக்குள் வரிவரியாக ஒரு கைரேகை. பாலிஷ் போட்ட அன்று அவர் விரல் அங்கே போகவில்லை.

மகளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா. அந்தப் பூட்டுக்கு மாத்துச் சாவி கிடையாது."

அவர் திரும்பினார்.

"வாங்கின அன்னைக்கே ரெண்டு சாவியில ஒண்ணை நான் கைதவறிச் சாக்கடையில போட்டுட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். உங்ககிட்ட இருந்தது ஒண்ணுதான்."

வேன் ஒரு குழியில் இறங்கி ஏறியது. பலகையில் அவள் உடல் லேசாக அசைந்தது. அவர் கைநீட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பூட்டலை" என்றார். "மாட்டினேன். அழுத்தலை. தெரிஞ்சுதான்."

மகள் அழவில்லை. தன் கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்து, அம்மாவின் கால்மாட்டைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் எழுத்தின் கீழே உட்கார்ந்தாள். கையை உயர்த்தி ஆள்காட்டி விரலை அந்தச் சுழிக்குள் வைத்தாள். அளவெடுத்தது போல அது உள்ளே போயிற்று.

போய்ச் சேரும் வரை எடுக்கவே இல்லை.