லைசென்சில் வைத்த பொட்டு

இந்த ஊரில் என் கைக்குப் புருவம் வரைதான் அனுமதி. டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோவில் நான் சேர்ந்திருக்கும் பியூட்டி பார்லரில் நூலை எடுத்து த்ரெடிங் செய்யலாம். அதற்கு இங்கே லைசென்ஸ் வேண்டாம். கொஞ்சம் கீழே இறங்கிக் கன்னத்தில் க்ரீம் தடவினால் குற்றம். நியூஜெர்சியில் ஒன்பது வருஷம் ஃபேஷியல் செய்த கைகள் இவை. கணவருக்கு வேலை மாறியது, வந்துவிட்டோம். லைசென்ஸ் மட்டும் எல்லை தாண்டி வரவில்லை. மாசக் கடைசிக்குள் டெக்சாஸ் பேப்பர் கிடைக்காவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவேன் என்று கடைக்கார அம்மா சொல்லிவிட்டார். போன வாரம் ஒரு வெள்ளைக்காரம்மா ஃபேஷியல் கேட்டார். "நாட் ஹியர், மேடம்" என்றேன். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, "யூ வில் லேர்ன், ஹனி" என்று தோளைத் தட்டினார். அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். நியூஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தபோது, இங்கிலீஷில் நடந்த பரீட்சையை மூன்றாவது தடவையில் பாஸ் பண்ணி வாங்கிய லைசென்ஸ் அது. ஆயுத பூஜைக்கு அவர் லேப்டாப்புக்குச் சந்தனம் வைப்பார். நான் கத்தரிக்கு, நூற்கண்டுக்கு, அப்புறம் லைசென்சுக்கு. வருஷா வருஷம் அதே இடத்தில் குங்குமம். லைசென்ஸ் நம்பரும் அதே இடத்தில்தான் என்பது, படமெடுத்து டெக்சாஸ் லைசென்ஸ் ஆபீஸுக்கு அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள்.

"மேடம், தேர் இஸ் சம்திங் ரெட். இஸ் இட் பிளட்?"

"நோ, நோ! காட்" என்றேன் பதறி.

அவள் மெதுவாக, நம்பர் தெரிகிற மாதிரி இன்னொன்று அனுப்பச் சொன்னாள்.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "துடைச்சிட்டு வேற போட்டோ எடு. சாமி கோச்சுக்கவா போறாரு?"

"வச்ச குங்குமத்த என் கையாலயே அழிக்கச் சொல்றீங்களா? அதுவும் வெள்ளிக்கிழம!"

நியூஜெர்சிக்கு எழுதிக் கேட்டு வேறு பிரதி வாங்கினேன். நம்பர் பளிச்சென்று தெரிந்தது. காகிதம் பாழ் நெற்றி மாதிரி இருந்தது.

நேற்று அதைப் பூஜை அலமாரி முன் வைத்தேன். பொட்டு வைக்காமல் எதையும் ஆரம்பித்துப் பழக்கமில்லாத வலது கை, தானாகவே சிமிழுக்குள் போய்விட்டது. வைத்தால் படத்தில் விழும், மறுபடி திருப்புவார்கள். வைக்காமலிருக்கவோ மனசு கேட்கவில்லை. "முருகா, மன்னிச்சுக்கோ" என்று இடது கையாலேயே படமெடுத்து, இடது கையாலேயே அனுப்பினேன். மறுபடி படம் கேட்பார்களோ என்று, அனுப்பிய பிறகும் காகிதத்தில் வைக்கப் பயம். வலது விரல் சிவப்போடு அந்தரத்தில் நின்றது, எங்கே வைப்பதென்று தெரியாமல்.